மாளிகைப் புல்வெளியும் தாதுவருடப் பஞ்சமும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திலே பிரபுக்களின் பழைய மாளிகைகளும் அவற்றைச் சூழ்ந்த பூங்காக்களும் இன்று நாட்கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றன. திருமணம், வர்த்தக நிறுவனங்களின் ஒன்றுகூடல், இசைவிழா, பழைய மோட்டார் வாகனக் கண்காட்சி, திரைப்படப் பிடிப்பு என வாடகைக்குப் பெறுவோரின் தேவைகள் பலவாகும். இவ்விழாக்களுக்கு வேண்டியவை கொட்டகை போடுவதற்குச் சமதரையான ஒரு வெளியும், வாகனங்களை நிறுத்த இன்னொரு வெளியும், நீர், மின்சாரம், மலசலகூடம் ஆகிய வசதிகளுமே. அயலிலுள்ள கமக்காரன் ஒருவனின் நிலத்திலும் இவற்றை ஏற்பாடு செய்துகொள்ளலாம். அவ்வாறிருந்தும் கமக்காரனுக்குக் கொடுப்பதிலும் பன்மடங்கு தொகையை மாளிகைக்குக் கொடுக்க மக்கள் முன்வருகின்றனராயின், அம்மேலதிகத் தொகை எதற்குரிய விலை என்று கேட்டல் வேண்டும். புல்லுக்கு எங்கும் ஒரே நிறந்தான். விலை கொடுக்கப்படுவது பின்னணியில் எழுந்து நிற்கும் கோபுரங்களுக்கும், தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் அங்கு வாழ்ந்தது என்ற பெருமைக்கும், அக்குடும்பத்தின் பெயருக்குமாகும். சுருங்கக் கூறின், விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பது வரலாறு. வரலாற்றை விலைகூறி விற்பவர் அதில் இனிப்பான பகுதியை மட்டும் பொதிசெய்து கொடுத்துவிட்டு எஞ்சியதைக் களஞ்சியத்திலே பூட்டிவைக்கலாமா என்பதே இங்கு எழும் வழக்கு.

மாளிகைக்காரரின் வாதத்தை முதலிற் கேட்பது நியாயமாகும். 1894ஆம் ஆண்டிலே புதிய வடிவில் விதிக்கப்பட்ட மரண வரி, இரு உலகப் போர்கள், வேலையாட்களின் கூலியுயர்வு, நிலவருமானத்தின் வீழ்ச்சி ஆகியவற்றால் இருபதாம் நூற்றாண்டிலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகள் இடிக்கப்பட்டன. இவ்வழிவைப் பொருளாகக் கொண்டு 1974இல் இலண்டன் விக்ரோறியா அல்பேட் அரும்பொருட்சாலையில் ஒரு கண்காட்சியே நடைபெற்றது. எஞ்சிய மாளிகைகளின் கூரை ஒழுகாமலிருக்கப் பணம் வேண்டும். அப்பணத்தைப் புல்வெளி ஈட்டித் தருகிறது. சட்டமும் இதற்குத் துணைநின்றது. 1994ஆம் ஆண்டின் விவாகச் சட்டம் அங்கீகாரம் பெற்ற இடங்களிற் பதிவுத் திருமணம் செய்ய வழிவகுத்தது. 2021 ஜூலையிலிருந்து அத்தகைய இடங்களின் திறந்தவெளியிலும் திருமணப் பதிவு நிகழ இடமளிக்கப்பட்டது. 2022இல் அவ்வேற்பாடு நிரந்தரமாயிற்று. இவை யாவும் உண்மையே. வாடகைக்கு விடுவதையே குற்றமெனக் கூறுவார் கூற்றில் வலுவில்லை. இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட மாளிகை எந்த வரலாற்றையும் பேசாது. ஆனால், நிற்கும் மாளிகை எந்த வரலாற்றைப் பேசுகிறது என்பது வேறு கேள்வியாகும்.

ஹேர்ட்பட்சயர் மாவட்டத்திலே, இலண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 30 மைல் தொலைவில் அமைந்துள்ள நெப்வேர்த் மாளிகையை எடுத்துக்கொள்ளலாம். 1490ஆம் ஆண்டு முதல் லிற்றன் குடும்பத்தினர் வசம் இருந்துவரும் இடம் அது. முதலிலே செங்கல்லாலான சாதாரண மனையாக இருந்த அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோபுரங்களும் விசித்திர உருவங்களும் கொண்ட கோதிக் மாளிகையாக்கிய பெருமை, நாவலாசிரியர் எட்வேட் புல்வர் லிற்றனுக்கும் அவர்தம் தாயாருக்கும் உரியது. பழைமை போலத் தோன்றும் பலவும் பழைமையல்ல என்பதற்கு அதன் முகப்பே சான்று. 1974ஆம் ஆண்டு தொடக்கம் அம்மாளிகைப் பூங்காவில் மாபெரும் திறந்தவெளி இசைவிழாக்கள் நடைபெற்று வந்துள்ளன. பிங்க் புளொயிட், றோலிங் ஸ்ரோன்ஸ், லெட் செப்பலின் முதலிய குழுவினர் அங்கு பாடினர். 1986 ஆகஸ்ற்றில் குயீன் குழுவினருடன் பிரெடி மேர்க்குரி இறுதியாக மேடையேறியதும் அவ்விடத்தேதான். 1996இல் ஒயேசிஸ் குழுவினர் இரண்டு இரவுகள் பாடியபோது இரண்டரை இலட்சம் மக்கள் திரண்டனர். அநுமதிச்சீட்டுக்கு விண்ணப்பித்தோர் 25 இலட்சத்துக்கும் அதிகமானோர். 1989இல் வெளிவந்த பற்மன் திரைப்படத்திற் கதாநாயகனின் மாளிகையாகத் தோற்றம் தந்ததும் இதுவே. திறந்தவெளி விழா என்றவுடன் ஆங்கிலேயர் பலரின் நினைவுக்கு வரும் முதற் பெயர்களுள் நெப்வேர்த் ஒன்றெனில் அது மிகையாகாது.

அக்குடும்பத்திற் பிறந்த ஒருவர் நடத்திய இன்னொரு திறந்தவெளி விழாவும் உண்டு. நாவலாசிரியரின் மகனான றொபேட் லிற்றன் பிரபு 1876ஆம் ஆண்டு இந்தியாவின் வைசிராயாக வந்தார். 1877 ஜனவரி முதலாம் நாள், விக்ரோறியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பிரகடனஞ் செய்வதற்காகத் தில்லிக்கு வெளியே பரந்த வெளியொன்றிலே அவர் பெரும் தர்பாரைக் கூட்டினார். கூடாரங்கள், பட்டுக் கொடிகள், யானை ஊர்வலம், வாத்திய கோஷ்டி, சமஸ்தான மன்னர்கள், விருந்து என எதிலும் குறைவிருக்கவில்லை. இன்று நெப்வேர்த்தைப் பின்னணியாகக் கொண்டு எழுப்பப்படும் எந்தக் கொட்டகையும் அதற்கு ஈடாகாது.

அதே வேளையில் தென்னாடு எந்நிலையில் இருந்தது? தமிழ் மக்கள் இன்றும் தாதுவருடப் பஞ்சம் எனப் பெயர் கூறும் கொடும்பஞ்சம் அப்பொழுது சென்னை மாகாணத்தையும் மைசூரையும் பம்பாய் மாகாணத்துத் தக்கணப் பகுதியையும் சூறையாடிக்கொண்டிருந்தது. 1876இற் பருவமழை பொய்த்தது உண்மையே. எனினும் மழை பொய்த்தமை பஞ்சத்தின் தொடக்கமேயன்றி அதன் முழுக் காரணமன்று. தானியச் சந்தையில் அரசு தலையிடலாகாது என்ற கொள்கையை வைசிராய் இறுகப் பற்றினார். சென்னை அரசு தானாகவே தானியம் வாங்க முற்பட்டதை அவரது அரசு கண்டித்தது. நாட்டிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. தர்பார் முடிந்த கையோடு, செலவைக் குறைக்கும் பணியுடன் ரிச்சட் ரெம்பிள் தெற்கே அனுப்பப்பட்டார். நிவாரண வேலையில் ஈடுபட்ட ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும், அதற்குமேல் ஓரணாவுமே போதுமென அவர் விதித்தார். கல்லுடைத்து மண் சுமப்பவனுக்கு இது போதாதென்று சென்னை மாகாணத்துச் சுகாதார ஆணையாளர் கோணிஷ் வைத்தியர் எதிர்த்து எழுதினார். அவ்வெதிர்ப்பினாற் படி பின்னர் ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் மடிந்தோர் மடிந்துவிட்டனர். பிரித்தானியரின் நேராட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கும்மியிலும் சிந்திலும் தமிழ்ப் புலவர்கள் அழுதது இச்சாவுகளைத்தான்.

1880இல் லிற்றன் பதவி நீங்கியபோது அவருக்கு ஏர்ல் பட்டம் வழங்கப்பட்டது. இது மனங்கொள்ளத்தக்க செய்தி. “மாளிகை பஞ்சப் பணத்தாற் கட்டப்பட்டதன்று, அது பஞ்சத்துக்கு நான்கு நூற்றாண்டு முந்தியது” என்று கூறித் தப்ப முயல்வோர் உளர். கட்டடத்தின் கல்லும் சுண்ணாம்பும் குற்றமற்றவையே. ஆனால் வாடகைக்கு விடப்படுவது கல்லும் சுண்ணாம்புமன்று, குடும்பத்தின் பெயரும் பட்டமும் என்பது முன்னரே காட்டப்பட்டது. அந்த ஏர்ல் பட்டம் எந்தச் சேவைக்குக் கிடைத்ததோ, அச்சேவையின் கணக்கில் இம்மரணங்களும் அடங்கும்.

நெப்வேர்த் தனித்து நிற்கவில்லை. அதே மாவட்டத்திலுள்ள ஹற்பீல்ட் மாளிகை, முதலாம் எலிசபெத் இராணி இளமையைக் கழித்த பழைய அரண்மனையையும் 1611இற் கட்டி முடிக்கப்பட்ட பெருமனையையும் கொண்டது. அங்கும் திருமணங்களும் இசைவிழாக்களும் நிகழ்கின்றன. பஞ்ச காலத்திலே இலண்டனில் இந்தியாவுக்குப் பொறுப்பான மந்திரியாயிருந்து லிற்றனுக்குப் பக்கபலமாக நின்ற சோல்ஸ்பரி பிரபுவின் வீடு அது. பக்கிங்காம்சயரில் உள்ள ஸ்ரோ மாளிகையோ, 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த மூன்றாம் பக்கிங்காம் கோமகனுக்குரியது. சென்னையிற் பக்கிங்காம் கால்வாய்க்குப் பெயர் தந்தவர் அவரே. அக்கால்வாயின் ஒரு பகுதி பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. வைசிராயின் கடும்போக்கை அவர் முழுமனதோடு ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாதல் வேண்டும். ஆயினும் தர்பார்க் கூடாரங்களில் அவரும் இருந்தார். மந்திரி, வைசிராய், ஆளுநர் என்ற மூவரும் மூன்று பூங்காக்களின் சொந்தக்காரர். மூன்று பூங்காக்களும் இன்று வாடகைக்குக் கிடைக்கும். தமிழ்நாட்டு வரலாற்றிலே மிகக் கொடிய பஞ்சமொன்றின் நிருவாக ஏணியில், மேற்படி முதற் கீழ்ப்படி வரை, வார இறுதியில் விருந்து வைக்கலாம்.

மாளிகைகளினுள்ளே வரலாறு கூறப்படுகிறதே என்பது அடுத்த சமாதானம். நெப்வேர்த்தினுள் லிற்றனின் இந்திய ஆட்சியை நினைவுகூரும் காட்சிப் பொருட்கள் இல்லாமலில்லை. ஆனால் புல்வெளியை வாடகைக்குப் பெற்றவர் வீட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. வெளியே பெருமை, உள்ளே பொறுப்பு என்ற இவ்வேலைப் பிரிவினை மிகவும் வசதியானது. 2020 செப்ரெம்பரில் இங்கிலாந்தின் தேசிய நம்பிக்கை நிதியம் தன் பராமரிப்பிலுள்ள 93 இடங்களுக்கும் குடியேற்றவாதத்துக்கும் அடிமை முறைக்கும் இருந்த தொடர்புகளை அறிக்கையாக வெளியிட்டபோது எழுந்த கூச்சலை உலகம் அறியும். அறிக்கையில் எழுதியதற்கே அத்தனை ஆத்திரமெனில், பூங்கா வாயிலில் எழுதினால் என்னவாகும்? அமெரிக்காவின் தென்மாநிலங்களிலோ அடிமைகளின் உழைப்பில் எழுந்த தோட்ட மாளிகைகளில் நிகழும் திருமணங்களுக்கு விளம்பரம் செய்வதைப் பின்ரரெஸ்ற் முதலிய நிறுவனங்கள் 2019 டிசெம்பரிற் கட்டுப்படுத்தின. விருந்து மேசைக்கும் வரலாற்றுக்கும் தொடர்பில்லை என்ற பேச்சு அங்கு எடுபடவில்லை.

இங்கிலாந்திற் குடியேறிய தமிழரும் இத்தகைய மாளிகைகளில் மணவறை போட்டு ஓமம் வளர்க்கின்றனர். இது குறித்து ஏளனம் செய்வோர் ஊரில் உளர். அவ்வேளனத்திற் பாதி பொறாமையாகும். ஒருகாலத்தில் வாயிலைத் தாண்ட அநுமதியற்றிருந்த மக்களின் சந்ததியினர் இன்று பணங்கொடுத்து உள்ளே செல்வதில் இழிவேதுமில்லை. ஆனால் தாதுவருடத்திலே ஓர் இறாத்தல் தானியத்துக்குக் கல்லுடைத்தவனின் கொள்ளுப்பேரன், அப்படியளவை அங்கீகரித்தவரின் புல்வெளியிலே மாலை மாற்றிக்கொள்கையில், தான் நிற்பது எவ்விடம் என்பதை அறியும் உரிமை அவனுக்கு உண்டு. வாடகைப் பணத்திலே அவ்வறிவுக்கான விலையும் அடங்கியேயிருக்கிறது.

இலங்கை வாசகர் இதனைக் கடல்கடந்த சங்கதியென ஒதுக்குவதற்கில்லை. தாதுவருடத்திலே வயிறு காய்ந்த பல்லாயிரவர் கடல் கடந்து, மன்னார்ப் பாதையாற் காடுகளைக் கடந்து, கண்டிச்சீமைக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை நட்டனர். அத்தோட்டங்களின் துரைமார் வாழ்ந்த பங்களாக்களிற் பல இன்று விடுதிகளாகிவிட்டன. ‘பழைமையின் எழில்’ என்ற விளம்பரத்தோடு அவற்றின் பூந்தோட்டங்களும் விழாக்களுக்கு விடப்படுகின்றன. பங்களாவின் விறாந்தையிலிருந்து பார்த்தாற் பள்ளத்தாக்கிலே லயங்கள் தெரியும். அவற்றில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். புகைப்படக்காரன் மட்டும் கமராவைச் சற்று மேலே திருப்பிக்கொள்வான்.

பூங்கா பாடஞ்சொல்லும் இடமன்று. மகிழ வந்தவர்களிடம் சாவைப் பற்றிப் பேசலாமா என்பதே இறுதியாக எஞ்சும் வாதம். இவ்வாறு கூறுவோர் ஸ்ரோ பூங்காவைச் சற்றுக் கண்திறந்து பார்த்தல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட அப்பூங்காவே ஓர் அரசியற் புத்தகம். வில்லியம் கென்ற் அங்கு அமைத்த ‘பிரித்தானியப் பெரியோர் கோயிலிலே’ குடும்பத்தாரின் கட்சிக்கு உவப்பான பதினாறு பேர் சிலைகளாக நிற்கின்றனர். ஏழாண்டுப் போரின் வெற்றிகளை நினைவுகூரும் இன்னொரு மண்டபத்தின் சுவரிலே, அவ்வெற்றிகளின் பெயர் தாங்கிய பதினான்கு சுடுமண் வட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. கியூபெக் அவற்றுள் ஒன்று; மொன்றியல் ஒன்று; 1761இல் முற்றுகையிட்டுப் பட்டினிபோட்டுப் பணியவைத்த புதுச்சேரி இன்னொன்று. ஆக, தமிழகத்து ஊரொன்றின் பெயரை அப்பூங்காவில் எழுதுவதற்கு எவரும் ஒருபோதும் தயங்கியதில்லை. வெற்றியாக இருந்தபோது எழுதினார்கள். நெப்வேர்த்திலும் ஹற்பீல்டிலும் ஸ்ரோவிலும் கொட்டகைக்குப் போகும் பாதையோரத்திலே ஒவ்வொரு கல் நாட்டி, அதில் 1876–1878 என்ற ஆண்டுகளையும், மாண்டோர் தொகையையும், அவ்வீட்டுக்காரர் அப்பொழுது வகித்த பதவியையும் பொறிக்க அதிக இடமோ அதிக பணமோ வேண்டியதில்லை. ஒரு நாள் வாடகையின் சிறுபகுதி போதும்.