உரிமையைக் கேட்கக் கூச்சம் ஏன்?



ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை அறியாத வியாபாரி நம் பக்கத்தில் உண்டா? பழனி மலையடிவாரத்து முருங்கையும் தக்காளியும் வெண்டையும் இங்கே வந்து இறங்கி, ஏலம் போய், லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகின்றன. லட்சங்கள் கைமாறும் அந்த இடத்தில், லாரியின் காலடியில் சிந்திக் கிடக்கும் காய்களைப் பொறுக்கிக் கூறு கட்டி விற்கும் மூதாட்டிகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரமளான் வந்தால் அவர்கள் கையில் நூறு ரூபாய்த் தாளைத் திணித்துவிட்டு நகர்கிறோம். "உங்களுக்கு முதியோர் பணம் வருகிறதா, பெரியம்மா?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

கேட்டுப் பாருங்கள். "எழுதிக் கொடுத்தேன், வரவில்லை" என்பார் ஒருவர். "வந்துகொண்டிருந்தது, நின்றுவிட்டது" என்பார் இன்னொருவர். "அது நமக்கெல்லாம் கிடைக்குமா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பவர்தான் அதிகம்.

ஏன் கிடைக்காது? 1962 ஏப்ரல் முதல் தேதியே இந்த மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை தொடங்கிவிட்டது. அப்போது முதல்வர் காமராஜர். தொகை மாதம் 20 ரூபாய். ஊனமுற்றோருக்கு 1974-லும், ஆதரவற்ற விதவைகளுக்கு 1975-லும், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு 1986-லும் தனித்தனித் திட்டங்கள் வந்தன. 50 வயது கடந்தும் மணமாகாத ஏழைப் பெண்களுக்கென்று 2008-ல் ஒன்று வந்தது. குமர்களை வைத்துக்கொண்டு கண்ணீர் வடிக்கும் குடும்பங்கள் நிறைந்த நம் சமுதாயத்தில், இந்தக் கடைசித் திட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது! 2011-ல் மாதம் 1,000 ரூபாயான உதவித்தொகை, 2023-ல் 1,200 ஆனது. அதே ஆண்டு மாற்றுத்திறனாளிகளுக்கு 1,500 ஆக்கப்பட்டது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் தனியாகப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. 2022-ல் அது 2,000 ஆக உயர்ந்தது.

1,200 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 40 ரூபாய். வியாபாரிகளாகிய உங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு தெரியுமா? 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு 200 ரூபாய். 80 கடந்தால் 500. அந்த 200 ரூபாய் 2007-க்கு முன்பே நிர்ணயிக்கப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தும் 2025 வரை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. விலைவாசி மட்டும் காத்திருந்ததா? இதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம். ஆனால் கிடைக்கிற 1,200-யே வாங்கத் தெரியாமல் இருந்துகொண்டு டெல்லியைக் குறை சொல்லி என்ன பயன்?

நம் மக்கள் எங்கே சிக்குகிறார்கள்? முதலில் பெயரில். ரேஷன் கார்டில் "சுலைகா", ஆதாரில் "ஜுலைஹா பீவி", வாக்காளர் அட்டையில் "சுலேகாபேகம்", வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் வேறொரு எழுத்துக்கூட்டல். நான்கும் ஒரே பெண்தான். கணினிக்கு அது தெரியுமா? அரபுப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டு போனவர்மீது மட்டும் பழி போட்டுப் பயனில்லை. திருத்தாமல் இருபது வருடம் விட்டது நாமும்தான். வயதும் அப்படியே. பிறப்புச் சான்று என்பதே இல்லாத தலைமுறை அது. அட்டைக்கு அட்டை ஐந்து வயது வித்தியாசம் இருக்கும். 63 வயதுப் பெண்மணி ஆதாரில் 57 ஆக இருப்பார். மனு போட்ட வேகத்தில் திரும்பி வரும்.

அடுத்தது விரல். காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த, மூட்டை தூக்கிய கையில் ரேகை எங்கே இருக்கும்? கருவியில் பதியவில்லை என்றால், வந்த பணத்தையும் எடுக்க முடியாமல் திரும்ப வேண்டியதுதான். முன்பு மணியார்டராக வந்தபோது தபால்காரர் வாசலுக்கு வந்தார். சில இடங்களில் பத்து ரூபாயைக் கழித்துக்கொண்டு தந்தார் என்பதும் உண்மை. வங்கிக்கு மாறியதில் அந்தக் கழிவு ஒழிந்தது, ஆனால் கிழவிக்கு நடை கூடிவிட்டது.

மூன்றாவது, "மகன் இருக்கிறானே!" என்ற வார்த்தை. கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போது அவர் சொல்வார். அவருக்கு முன்பே நாம் சொல்லிவிடுகிறோம். "மகன் இருக்கும்போது அரசாங்கப் பணம் வாங்கினால் ஊர் என்ன சொல்லும்?" மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மாடாய் உழைத்துத் தன் மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போடவே திணறுகிறான். தாய் இங்கே ஒற்றை அறையில். இதில் யாருடைய மானத்தைக் காப்பாற்றுகிறோம்?

கூச்சப்படுபவர்களுக்கு ஒன்று சொல்வோம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வீதியில் ஒரு பார்வையற்ற முதியவர் யாசகம் கேட்பதைக் கண்டார்கள். அவர் ஒரு யூதர். வரியும் வறுமையும் முதுமையும் தன்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததாக அவர் சொன்னார். உமர் (ரலி) அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று கையிலிருந்ததைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. பைத்துல்மால் பொறுப்பாளரிடம் அனுப்பி, அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் அங்கிருந்து கொடுக்க உத்தரவிட்டார்கள், வரியையும் நீக்கினார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தமது கிதாபுல் கராஜில் இதைப் பதிந்திருக்கிறார்கள். ஜெர்மனி முதுமைக்கால ஓய்வூதியச் சட்டம் போட்டது 1889-ல், பிரிட்டன் 1908-ல். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே பொது நிதியில் முதியவருக்குப் பங்கு உண்டு என்று செய்து காட்டிய வழியில் வந்தவர்கள், ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடக் கூசுவதா? அந்த முதியவர் முஸ்லிம் அல்லர் என்பதையும் மறந்துவிடாதீர்கள். மார்க்கெட்டில் காய் பொறுக்கும் கருப்பாயி பாட்டிக்கும் நம் இளைஞர்கள்தான் மனு எழுதித் தர வேண்டும்.

கசப்பான ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மாடி வீடும் கடையும் உள்ள சிலர் "சும்மா வருகிற பணம்தானே" என்று தம் தாயார் பெயரில் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இது ஆதரவற்றோருக்கான தொகை. சொத்து வரம்பு 50,000 ரூபாயாக இருந்து, பின்னர் ஒரு லட்சமாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் வைத்துக்கொண்டு வாங்குவது ஒரு விதவையின் தட்டிலிருந்து எடுப்பதாகும். புரோக்கரிடம் மூன்று மாதத் தொகையை முன்பணமாகக் கொடுப்பதும் வேண்டாம். மனுவை இ-சேவை மையத்தில் பதிவு செய்து ஒப்புகைச் சீட்டு வாங்கலாம். பதில் வராவிட்டால் திங்கள்கிழமை திண்டுக்கல் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, ஆண்டுதோறும் தாலுகாவில் ஜமாபந்தி நடக்கிறது. நிராகரித்தால் காரணம் கேட்க 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில்.

வியாபாரப் பெருமக்களுக்கு ஒரு செய்தி. கலெக்டரைத் தலைவராகக் கொண்டு மாவட்டந்தோறும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் அமைக்கப்பட்டது. ஆதரவற்ற முஸ்லிம் பெண்களுக்காக நாம் திரட்டித் தரும் நன்கொடைக்குச் சமமாக அரசு இணை மானியம் தந்தது. பின்னர் அதை இரு மடங்காக்கியது. அதாவது சங்கம் ஒரு லட்சம் திரட்டினால், உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசு இரண்டு லட்சம் சேர்க்கும். எந்த மண்டியில் இப்படி லாபம் கிடைக்கும்? ஜகாத்திலிருந்து கொடுக்கலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நன்கொடையாகக் கொடுக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இளைஞர்களே! வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வராந்தாவில் ஒரு மேசையும் நோட்டும் போட்டு உட்காருங்கள். தெருவாரியாக 60 கடந்தவர்கள், விதவைகள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் பெயரை எழுதுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரும் வயதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாதவர்களை முதலில் ஆதார் மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோ வாடகையை மண்டிக்காரர்கள் ஏற்றுக்கொள்ளட்டும்.