வாய்தா என்றொரு வாக்கு



நீதிமன்ற வாசலில் அதிகம் காதில் விழும் சொல் வாய்தா. “இன்னைக்கும் வாய்தாதான்” என்று சொல்லியபடி, மஞ்சள் பையில் வழக்குக் கட்டோடு பேருந்து நிலையத்துக்கு நடப்பவர்களை எந்த ஊரிலும் காணலாம். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அதற்கு இந்தச் சலிப்பு இல்லை.

வாய்தாவின் வேர் அரபு மொழியில் இருக்கிறது. அங்கே அது வாக்குக் கொடுப்பதைக் குறிக்கும். இந்தியில் இன்றும் ‘வாதா’ என்றால் வாக்குறுதிதான். பாரசீகம் அரசாங்க மொழியாக இருந்த ஆர்க்காட்டு நவாபுகளின் காலமும், அதைத் தொடர்ந்த கும்பினி ஆட்சியும் வக்கீல், ஜாமீன், அமீனா போன்ற பல சொற்களை நம் ஊர்ப் பேச்சில் ஊன்றின. நிலவரித் தவணையையும் வாய்தா என்றே சொன்னார்கள். குறித்த நாளில் கட்டிவிடுவேன் என்பது குடியானவர் தந்த வாக்கு. குறித்த நாளில் உன் வழக்கைக் கேட்பேன் என்பது நீதிமன்றம் தந்த வாக்கு. நாள் தள்ளித் தள்ளிப் போனதில், வாக்கின் பெயரே ஒத்திவைப்பின் பெயராகிவிட்டது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. உரிமையியல் வழக்கு விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா தரக்கூடாது என்ற விதி 2002 முதல் நடப்பில் உள்ளது. வக்கீல் வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார் என்பதைக் காரணமாக ஏற்கக்கூடாது என்றும் விதி சொல்கிறது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இந்த வரம்பை ஏற்றது. கைமீறிய சூழ்நிலைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், அத்தகைய சூழ்நிலையிலேயே அதிகபட்சம் இரண்டு ஒத்திவைப்புகள்தான் என்கிறது.

நோயும் மரணமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நியாயமான வாய்தா தேவைதான். ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருவர் அன்றைய கூலியை இழக்கிறார்; ஒரு சாட்சியின் நினைவு மங்குகிறது. அடுத்த தேதியைக் குறிக்கும் நீதிபதியும், அதைக் கேட்டு வாங்கும் வழக்கறிஞரும் அது எதிரே நிற்கும் மனிதருக்குத் தரும் வாக்கு என்று எண்ண வேண்டும். நீங்களும் தயங்காமல் உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்: எதற்காக இந்த வாய்தா, அடுத்த நாளில் என்ன நடக்கும்? அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்