பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கூடாதா?

வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுக்கும் சிகிச்சை இன்று அபூர்வமானதன்று. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்குச் சுமார் 45 இவ்விதமே நடந்திருக்கின்றன. அறுப்பதற்கு டாக்டர் வேண்டுமென்று ஒப்புக்கொண்ட நம் ஜனங்கள், அறுத்த காயம் ஆறுவதை மட்டும் பழைய பழக்கத்தினிடம் ஒப்படைத்திருப்பது ஏன் என்று கேட்கிறோம்.

“தண்ணீர் குடித்தால் தையலில் சீழ் பிடிக்கும்; பருப்பும் முட்டையும் புண்ணுக்கு ஆகாது; தீட்டுக்காரி மூலையில் கிடக்கட்டும்” என்கிறார்கள். இதற்கு ஆதாரம் என்ன? சீழ் பிடிப்பது கிருமியாலேயொழியத் தண்ணீராலல்ல. அறுந்த சதையை உடம்பு மறுபடி கட்டுவதற்குப் புரதச் சத்து வேண்டும். அது பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் இருக்கிறது. செங்கல்லை ஒளித்து வைத்துவிட்டுச் சுவர் ஏன் எழும்பவில்லை என்று கொத்தனைக் கேட்பவனுக்கு என்ன பெயரோ, அதே பெயர்தான் இவர்களுக்கும். பால் கொடுப்பவளுக்குத் தண்ணீரை மறுத்தால் மலச்சிக்கல் உண்டாகும். முக்கும்போது தையல் வலிக்கும். அசையாமல் கிடந்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையக் கூடும். ஆதலால்தான் மறுநாளே மெள்ள நடக்கச் சொல்கிறார்கள்.

முற்காலத்தில் கருப்பையைப் பெரும்பாலும் தைக்காமலே விட்டார்கள். தாய்மார்களில் அநேகர் மாண்டார்கள். 1882-இல் ஜெர்மனியில் மாக்ஸ் சேங்கர் என்னும் டாக்டர், கருப்பையைத் தைத்தேயாக வேண்டுமென்று முறை வகுத்தார். அதற்கு முன்பும் வானத்தில் நட்சத்திரங்கள் இருக்கத்தான் செய்தன. தாயைக் காத்தவை ஊசியும் நூலும் சுத்தமுமே. அப்படியிருக்க, இன்றும் கத்தி வைக்க ராகுகாலம் பார்ப்பது அறிவுடைமையாகுமா?

மேல்தோல் பத்து நாளில் ஒட்டிவிடும். அதைக் கண்டு “ஆறிவிட்டது” என்று தண்ணீர்க் குடத்தை அவள் இடுப்பில் ஏற்றுகிறார்கள். உள்தையல் தேற இன்னும் பல வாரம் வேண்டும். ஆறு வாரம் வரையில் குழந்தையைவிடக் கனமானதை அவள் தூக்கலாகாது. இதைவிடக் கொடியது, ஆண் பிள்ளை வேண்டுமென்று சில மாதத்திலேயே மறுபடி கர்ப்பமாக்குவது. பிரசவத்திற்கும் அடுத்த கர்ப்பத்திற்கும் 24 மாதமாவது இடைவெளி வேண்டுமென்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அவசரப்பட்டால் பழைய தழும்பு பிரசவ வேதனையில் கிழியவும், தாயும் சேயும் சாகவும் இடமுண்டு. கர்ப்பத்தடை முறைகள் இருக்கும்போது இதை விதியென்பது கணவனின் பொறுப்பற்ற தன்மையேயாகும்.

தோழர்களே! குடத்தை நீங்கள் தூக்குங்கள். அவளுக்கு வயிறாரச் சோறும் வேண்டிய மட்டும் தண்ணீரும் கொடுங்கள். காய்ச்சலோ, தையலில் சிவப்போ, சீழோ, துர்நாற்றமோ, மிகுந்த உதிரப்போக்கோ கண்டால் மந்திரிக்க ஓடாதீர்கள். நாள் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பெண்ணைத் தாயென்று வாயால் கும்பிடுவது போதாது. அவள் உடம்பை மனித உடம்பாக மதிப்பதே யோக்கியமான காரியமாகும்.