கோப்பைக்குள் கிளிமூக்கு

பெங்களூருவில் கோடை தொடங்கியதும் பஸ் நிலைய வாசல்களில் மாங்காய் வண்டிகள் வந்து நிற்கும். வண்டிக்காரர் கிளிமூக்கு மாங்காயைக் கீறி, பூப்போல விரித்து, மிளகாய்த்தூளும் உப்பும் தூவிக் கையில் கொடுப்பார். இருபது முப்பது ரூபாயில் விஷயம் முடிந்துவிடும். அதே ஊரில், சர்ச் தெருவிலோ இந்திராநகரிலோ புதிதாகத் திறந்திருக்கும் ரெஸ்டாரெண்ட் பாரில் அதே மாங்காய், அதே மிளகாய், அதே உப்பு கண்ணாடிக் கோப்பையில் வருகிறது. கூடவே கொஞ்சம் டெக்கீலா, எலுமிச்சைச் சாறு, பெரிய ஒற்றை ஐஸ் கட்டி. மிளகாய் உப்பு கோப்பையின் விளிம்பில் ஒட்டியிருக்கும். பெயர் பிகான்ட்டே. விலை அறுநூறு, எழுநூறு. சில இடங்களில் ஆயிரத்தை எட்டிப் பார்க்கும். வரி தனி.

கடந்த சில ஆண்டுகளாக இந்தியப் பெருநகரங்களில் மிக அதிகம் பேசப்படும் காக்டெயில்களில் இது ஒன்று. மெக்சிகோவின் மதுவில் நம் ஊர் மாங்காய் எப்படி வந்தது என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை. இரண்டு நாட்டிலும் பச்சைக் காய்க்கு மிளகாய் உப்பு தொட்டுத் தின்கிற பழக்கம் பழையது. ஆச்சரியம் வேறு இடத்தில் இருக்கிறது. பட்டியலில் டெக்கீலாவின் ஊர் அச்சாகியிருக்கும். பழம் ரத்னகிரி அல்போன்சாவாக இருந்தால் அதன் ஊரும் அச்சாகியிருக்கும். கிளிமூக்கின் ஊர் மட்டும் இருக்காது.

தோதாபுரி என்றும் பெங்களூரா என்றும் சொல்லப்படும் இந்த ரகத்தின் பெரிய கோட்டை சித்தூர் வட்டாரம். இந்தியாவின் மாம்பழக் கூழ்த் தொழில் இரண்டு இடங்களில் குவிந்திருக்கிறது. ஒன்று தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி, மற்றது ஆந்திரத்தின் சித்தூர். பெயர் பெங்களூருக்கு, பாடு இந்த ஊர்களுக்கு.

கர்னூலிலிருந்து கடப்பா, பீலேர் வழியாக ராணிப்பேட்டைக்கு இறங்கும் தேசிய நெடுஞ்சாலையில், சித்தூருக்கு வடக்கே திருப்பதிச் சாலை பிரியும் இடம் புத்தலப்பட்டு. ஒரு பக்கம் காணிப்பாக்கம் பிள்ளையார், மறுபக்கம் திருமலை. பெயர் முடியும் 'பட்டு'வைப் பார்த்தாலே தமிழ் வாடை தெரியும். கடைவீதியில் தெலுங்கு பாதி, தமிழ் பாதியாகப் பேச்சு நடக்கும். சீசன் வந்தால், அதாவது மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, இந்தச் சாலைகளில் யாத்ரீகர் வேன்களுக்குச் சமமாக மாங்காய் டிராக்டர்கள் ஓடும்.

2025 ஜூனில் அந்த டிராக்டர்கள் ஓடவில்லை, நின்றன. விளைச்சல் அதிகம். ஆலைகளிலோ முந்தைய ஆண்டின் கூழே விற்காமல் டிரம் டிரம்மாகக் கிடந்தது. வாசலில் வண்டிகள் நாள்கணக்கில் காத்திருக்க, பழம் வெயிலில் கனிந்து ஒழுகியது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று விலை அறிவித்தது. அதில் 8 ரூபாய் ஆலை தர வேண்டும், 4 ரூபாய் அரசு தரும். அந்த எட்டு ரூபாயும் கைக்கு வரவில்லை என்பதே பல விவசாயிகளின் குமுறல். பறிக்கும் கூலிகூடத் தேறாது என்று மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. சாலையில் கொட்டியவர்களும் உண்டு. கர்நாடகப் பழம் எல்லை தாண்டி வரக் கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட, கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். காவிரிக்குச் சண்டை போட்ட தென்னாடு மாங்காய்க்கும் சண்டை போட்டுப் பார்த்தது.

ஒரு சின்னக் கணக்கு. கிளிமூக்கில் சுமார் இரண்டு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கூழ் தேறும். ஒரு காக்டெயிலுக்கு அறுபது மில்லி கூழ் தாராளம். அதாவது நூற்றிருபது கிராம் பழம். அரசு சொன்ன 12 ரூபாய் முழுசாகக் கிடைத்திருந்தால்கூட அந்தக் கோப்பையில் விவசாயியின் பங்கு ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே.

பார் முதலாளியைக் கேட்டால் அவரும் ஒரு கணக்கு வைத்திருப்பார், அதுவும் பொய்யில்லை. கோப்பைக்குள் போகும் சரக்குச் செலவு விற்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுற்றி இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் இந்தத் தொழிலின் பாடம். மீதி வாடகை, சம்பளம், அலங்காரம், லைசென்ஸ். கர்நாடக அரசு 1992இல் புதிய பார் லைசென்ஸ் தருவதை நிறுத்தியதில், பழைய லைசென்ஸ் கைமாறும் விலை கோடிகளுக்குப் போனது. தமிழ்நாட்டில் வேறு கதை. சாதாரண ரெஸ்டாரெண்ட்டுக்கு மது லைசென்ஸ் எளிதில் கிடைக்காது. நட்சத்திர ஓட்டலோ கிளப்போ வேண்டும். சென்னையின் நாகரிகமான காக்டெயில் பார்கள் பெரும்பாலும் ஓட்டல்களுக்குள் ஒளிந்திருப்பது ரசனையால் அல்ல, சட்டத்தால்.

பில்லிலும் சட்டம் எட்டிப் பார்க்கும். சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி., பொதுவாக 5 சதவீதம். மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில அரசின் வரி. ஒரே மேஜை, இரண்டு வரி. மூன்றாவதாக 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒன்று இருந்தால் அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதற்குத்தான் கூச்சம்.

சரி, பெங்களூரு பழத்தின் ஊரை மறந்தது. பழத்தின் ஊரிலேயே ஒரு நல்ல மேஜை போட்டு, அதே மாங்காயை மரியாதையாகப் பரிமாறினால் என்ன? புத்தலப்பட்டுச் சாலையில் அப்படி ஒன்று ஏன் முளைக்கவில்லை?

இதற்குப் பதில் தொண்ணூறு வருடம் பின்னால் இருக்கிறது. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். மறு ஆண்டு அது போய்ச் சேர்ந்த மாவட்டங்கள் சித்தூரும் கடப்பாவும். கள், சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தது. நாட்டிலேயே அதுதான் முதல். இன்று ரெஸ்டாரெண்ட் பில்லின் அடியில் வரியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், அந்த வரியின் தாத்தா மதுவிலக்கு என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

1953இல் சித்தூர் ஆந்திர மாநிலத்தோடு போனது. மறு ஆண்டே மதுவிலக்குச் சர்ச்சையில் பிரகாசம் அமைச்சரவை கவிழ்ந்தது. 1960களின் இறுதியில் தடை விலகியது. 1980களில் என்.டி. ராமராவ் அரசே 'வாருணி வாகினி' என்ற பெயரில் சாராயத்தைப் பாக்கெட்டில் கொண்டுவந்து சேர்த்தது. 1992இல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில், அறிவொளி வகுப்புக்கு வந்த பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். தீ மாநிலம் முழுக்கப் பரவியது. 1995 ஜனவரியில் அதே ராமராவ் முழு மதுவிலக்குக் கொண்டுவந்தார். 1997இல் அவர் மருமகன் நாயுடு அதை எடுத்தார். 2019இல் வந்த ஜெகன்மோகன் ரெட்டி படிப்படியாக மதுவிலக்கு என்று சொல்லித் தனியார் கடைகளை மூடி அரசுக் கடை திறந்தார். விலை ஏறியது, யாரும் கேள்விப்படாத பிராண்டுகள் அலமாரியை நிரப்பின. 2024 அக்டோபரில் நாயுடு மறுபடி தனியாருக்கே கொடுத்தார், கூடவே 99 ரூபாய்க் குவார்ட்டரையும்.

ஆட்சிக்கு ஒரு தடவை தலைகீழாகும் தொழிலில் யார் நல்ல நாற்காலி வாங்கிப் போடுவார்? நல்ல சமையல்காரரை யார் சம்பளத்துக்கு வைப்பார்? லைசென்ஸ் கையில் இருக்கும்வரை எடுக்க வேண்டியதை எடுத்துவிட வேண்டும். விளைவு, நெடுஞ்சாலை ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த அந்த பார்: பகலிலும் இருட்டு, சிவப்பு பல்பு, ஈரமான மேஜை, சிக்கன் 65, வேர்க்கடலை. 'பார் அண்ட் ரெஸ்டாரெண்ட்' என்ற போர்டில் இரண்டாவது சொல் பேருக்கு. குடும்பத்தோடு வருபவர்களுக்கு மாடியில் தனி அறை, அதற்குத் தனிப் படிக்கட்டு. குடிப்பது ஒரு கதவு, சாப்பிடுவது ஒரு கதவு. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளுக்கு எதிராக 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது கடைகள் 500 மீட்டர் உள்ளே தள்ளிப் போயின. சாலை பாதுகாப்புக்காகச் சொன்ன தீர்ப்பு, சரியான தீர்ப்பு. ஆனால் சாலையோரத்தில் நல்ல மேஜை என்ற கனவு இன்னும் கொஞ்சம் பின்னால் போனது.

இதையெல்லாம் பெங்களூருக்காரர் பார்வையில் பார்த்து 'பின்தங்கிய ஊர்' என்று சொல்லிவிடுவது சுலபம். துபகுண்டாப் பெண்கள் எதிர்த்தது காக்டெயிலை அல்ல. கூலிப் பணம் வீடு வராததை எதிர்த்தார்கள், வந்தபின் விழுந்த அடியை எதிர்த்தார்கள். அந்த நினைவு இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. வட்டாரத்தின் மிகப் பெரிய சாப்பாட்டுக்கூடத்தில் பில்லே கிடையாது என்பதும் இந்த மண்ணின் பழக்கம்தான். திருமலையில் 1985இல் தொடங்கிய நித்ய அன்னதானம், அதே ராமராவ் காலத்தது. அலிபிரி சோதனைச் சாவடியைத் தாண்டி மதுவும் மாமிசமும் மேலே போகாது. அதற்குக் கீழேயுள்ள ஊரில் கடை போடுபவர் சைவத்தைத்தான் முதலில் யோசிப்பார்.

ஆகவே திருப்பதியிலும் சித்தூரிலும் புதிதாகத் திறக்கும் ரெஸ்டாரெண்ட்டுகள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டன. மோக்டெயில். காக்டெயிலின் கோப்பை, காக்டெயிலின் வண்ணம், காக்டெயிலின் குடை எல்லாம் உண்டு, மது இல்லை. கல்லூரிப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து வந்து உட்காரலாம், பாட்டியை அழைத்து வரலாம், மொட்டை போட்ட குழந்தைக்குப் பிறந்தநாள் கொண்டாடலாம். யாரும் மாடிப் படிக்கட்டைத் தேட வேண்டாம். கல்யாண மண்டபங்களில் பானகம் இருந்த இடத்தில் இப்போது மோக்டெயில் கவுண்டர். இது நகல்தான், ஆனால் மட்டமான நகல் என்று ஒதுக்க முடியாது. குடும்பம் முழுவதும் ஒரே மேஜையில் உட்கார்கிறது என்ற அளவில் அசலைவிட மேல்.

மது இல்லாமல் மதுக்கோப்பையை மரியாதையாக நிரப்ப முடியும் என்பதற்குச் சென்னையில் நல்ல உதாரணம் உண்டு. கிண்டி ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் 2017இல் திறந்த அவர்தனாவின் பெயர் பெற்ற அயிட்டம் தக்காளி ரசம். தெளிவாக வடித்து, மார்டினி கோப்பையில் ஊற்றித் தருகிறார்கள். 2024இல் ஆசியாவின் சிறந்த ஐம்பது ரெஸ்டாரெண்ட்டுகள் பட்டியலில் 44ஆவது இடம், 2025இல் 30ஆவது. மிளகும் பூண்டும் போட்ட ஒரு ரசம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சாப்பாட்டின் விலை எல்லோர் கைக்கும் எட்டாது என்பது வேறு விஷயம்.

ரசத்துக்குக் கிடைத்த மரியாதை கிளிமூக்குக்குக் கிடைக்குமா? சித்தூர் ஆலைகளில் கூழ் இரண்டு விதமாக அடைபடுகிறது. கிருமி நீக்கிய பைகளில், 215 கிலோ பிடிக்கும் டிரம்களில், அல்லது 3.1 கிலோ தகர டின்களில். டிரம் குளிர்பானக் கம்பெனிக்கும் அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. டின்னும் பெரும்பாலும் கப்பலேறுகிறது. தெருமுனை ரெஸ்டாரெண்ட் ஒன்று அந்த டின்னை உடைத்தால் இரண்டு மூன்று நாளில் ஐம்பது கோப்பை விற்றாக வேண்டும், அதுவும் ஃபிரிட்ஜில் வைத்து. இல்லையென்றால் புளித்துவிடும். கால் கிலோ, அரை கிலோப் பாக்கெட்டில் கிளிமூக்குக் கூழை உள்ளூர்க் கடைகளுக்குப் போட்டால் என்ன என்ற யோசனை புதிதல்ல. பெரிய ஆலைக்கு அது சில்லறை வேலை. விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து செய்யலாம். அதற்குக் குளிர்சாதனக் கிடங்கும் கடனும் வேண்டும், ஜூனில் சாலையில் கொட்டிய பழத்துக்கு யாரும் கடன் தர மாட்டார்கள்.

மோக்டெயில் கவுண்டர் பையனுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அவன் பின்னால் அலமாரியில் வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள். நீலத்துக்கு ஒன்று, பச்சை ஆப்பிளுக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று. திறந்தால் மாதக்கணக்கில் கெடாது. மேங்கோ மோஹிட்டோ கேட்டால் மஞ்சள் பாட்டிலை எடுத்து முப்பது மில்லி சிரப் ஊற்றி, புதினாவைக் கசக்கிப் போட்டு, சோடா அடித்துத் தருகிறான். லேபிளின் பின்பக்கம் பொடி எழுத்தில் சர்க்கரை, தண்ணீர், அமிலம், நிறமி, மாம்பழ வாசனை. வெளியே சாலையில், ஆலையை நோக்கி ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருக்கிறது.