ரெய்டு இருக்கு, பயமில்லையாம்!

"நம்மகிட்ட ரெய்டு இருக்கு, டேட்டா எங்கேயும் போகாது." இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வருமான வரி ரெய்டு இல்லை மக்களே, நாலு ஹார்ட் டிஸ்க்கை ஒரு பெட்டியில் செருகி ஒரே டிஸ்க் மாதிரி காட்டுவார்களே, அந்த ரெய்டு. காலேஜ் சீனியரும் இதைத்தான் சொல்கிறார், பெட்டி விற்கும் கடைக்காரரும் இதைத்தான் சொல்கிறார். எங்கள் திருவேங்கடம் பக்கம் கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோ அண்ணாச்சி ஒருவரும் இதை நம்பித்தான் இருந்தார். என் கட்சி இதுதான்: வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் ரெய்டு 5 தேவையே இல்லை. இரண்டாவது நகல்தான் தேவை.

சண்டைக்கு வருமுன் கொஞ்சம் பழங்கதை. 1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையால்தான் ரெய்டு என்ற பெயர் பரவியது. விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்தால் வேகம் கிடைக்கும். ஆனால் எண்ணிக்கை கூடக் கூட ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்பும் கூடும். அதைச் சமாளிக்கக் கொஞ்சம் உபரித் தகவல். ரெய்டு 5-ல் அந்த உபரி வெறும் எக்ஸ்-ஆர் கணக்கு. 1, 0, 1 என்ற மூன்றுக்கும் பாரிட்டி 0. நடுவில் இருப்பது தொலைந்தாலும் மற்றதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அழகான கணக்கு, மறுக்கவில்லை.

ஆனால் அது எதற்கான கணக்கு? ஒரு டிஸ்க் செத்தாலும் மெஷின் நிற்காமல் ஓடுவதற்கு. வங்கி சர்வருக்கு அது வேண்டும். வீட்டுப் பெட்டி இரண்டு நாள் அணைந்து கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அதே சமயம் நீங்கள் ஒரு ஃபோல்டரைத் தெரியாமல் அழித்தால் ரெய்டு அதை நாலு டிஸ்க்கிலும் சமர்த்தாக அழித்துவிடும். வைரஸ் வந்தாலும், இடி இறங்கினாலும், திருடன் பெட்டியைத் தூக்கிப் போனாலும் நாலும் ஒன்றாகவே போகும்.

இன்னொரு விஷயத்தை விற்பவர் யாரும் சொல்வதில்லை. லினக்ஸின் எம்டிஏடிஎம் ரெய்டு வழக்கமாக 512 கிலோபைட் துண்டுகளாகக் கோப்பை நறுக்கி டிஸ்க்குகளுக்குப் பங்கு போடும். 6 மெகாபைட் போட்டோ ஒன்று நாலு டிஸ்க்கிலும் சிதறிக் கிடக்கும். ஒரு டிஸ்க்கை மட்டும் கழற்றி லேப்டாப்பில் மாட்டினால் ஒரு முழுப் படம்கூட வராது. தனித்தனி டிஸ்க் என்றால் ஒன்று போனால் அதில் இருப்பது மட்டும்தான் போகும். ரெய்டு 5-ல் இரண்டு போனால் எல்லாமே போச்சு.

"இரண்டும் எப்படிப்பா ஒரே நேரத்தில் போகும்?" நல்லாவே போகும். நாலையும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்குகிறோம். ஒரே சூடு, ஒரே தூசி, ஒரே கரண்ட். ஒன்று கெட்டதும் புதுசை மாட்டி ரீபில்டு போட்டால், நாலு 4 டெராபைட் டிஸ்க்கில் மீதி மூன்றையும் முழுசாக, மொத்தம் 12 டெராபைட் படிக்க வேண்டும். வயசான டிஸ்க்குகளுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. சாதாரண டிஸ்க் பலவற்றின் விவரத்தாளில் 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை வரை வரலாம் என்று போட்டிருக்கும். அது சுமார் 12.5 டெராபைட். நிஜத்தில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன, அதனால் ரீபில்டு நிச்சயம் தோற்கும் என்று நான் புளுக மாட்டேன். ஆனால் ஆறு வருஷமாக யாரும் தொடாத மூலையில் கெட்ட செக்டார் இருப்பது அன்றைக்குத்தான் தெரியவரும். போதாக்குறைக்கு, 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. இதற்கென்றே விற்ற ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள், ரீபில்டுக்கு ஒத்துவராத எஸ்எம்ஆர் வகையாம்.

அண்ணாச்சி பெட்டியில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு டிஸ்க் எப்போதோ விழுந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது விழுந்ததும்தான் பெட்டி ஊமையானது. சர்வீஸுக்கு வந்தவர் "புதுசா கிரியேட் பண்ணிரலாம் அண்ணாச்சி" என்றாராம். நல்லவேளை, அதற்குள் கரண்ட் போய்விட்டது. (மின்வெட்டை நான் பாராட்டுவது இதுவே முதல் தடவை.)

டிஸ்க் கெடுவதால் அழிவதைவிட இந்த 'கிரியேட்'டால் அழிவது எனக்கு அதிக ஆத்திரம் தருகிறது. இரண்டு டிஸ்க் விழுந்தாலும் பல நேரம் தரவு அங்கேயேதான் இருக்கும். முதலில் பெட்டியை அணைக்க வேண்டும். எந்த டிஸ்க் எந்தத் துளையில் இருந்தது என்று மார்க்கரால் எழுத வேண்டும். நோஞ்சான் டிஸ்க்கை டிடிரெஸ்க்யூ வைத்து இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே நகலெடுக்க வேண்டும். அது நல்ல பகுதியை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடத்துக்குப் பிறகு திரும்பி வரும். முடிந்தால் நல்லதையும் நகலெடுத்து, நகல்களில் மட்டும் கை வைக்க வேண்டும். எம்டிஏடிஎம்மின் 'எக்ஸாமின்' ஒவ்வொரு டிஸ்க்கின் ஈவென்ட் எண்ணிக்கையைக் காட்டும். எண் மிகவும் பின்தங்கியது முதலில் விழுந்த டிஸ்க். அதில் இருப்பது பழைய சரக்கு, அதை விட்டுவிட வேண்டும். மற்ற மூன்றை 'அசெம்பிள்', 'ஃபோர்ஸ்' போட்டுச் சேர்த்து, படிக்க மட்டும் மவுண்ட் செய்து, கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும். 'கிரியேட்' போட்டால் வரிசை மாறியோ துண்டு அளவு மாறியோ அமைந்து, ரீசிங்க் ஓடிப் பழைய தரவின் மேலேயே எழுதிவிடும். அதற்கப்புறம் எந்த லேபும் மந்திரம் போட முடியாது.

"இரண்டாவது நகலுக்குக் காசு யார் தருவா?" என்று கேட்பவர்களுக்கு, நாலு டிஸ்க்கை ரெய்டு 5-ல் போட்டால் 12 டெராபைட் கிடைக்கும். அதே நாலில் இரண்டைக் கடையில் வைத்து, இரண்டில் நகலெடுத்து சங்கரன்கோவிலில் மாமா வீட்டு பீரோவில் வைத்தால் 8. நாலு டெராபைட்டுக்கு ஆசைப்பட்டு ஊரார் கல்யாணத்தையெல்லாம் பணயம் வைக்கிறோம்.

பெரிய இடத்திலும் இதே லட்சணம்தான். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுடை ரான்சம்வேர் தாக்கியது. பேக்கப்பும் அதோடு சேர்த்துப் பூட்டப்பட்டதால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசு மின்னஞ்சல்கள் போயின, சுமார் 5,000 முகவரிகள். 2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் எரிந்தபோது ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் சாம்பலானது. அளவு ரொம்பப் பெரியது, அதனால் வேறு இடத்தில் நகல் வைக்கவில்லை என்றார்கள். 858 டெராபைட்டுக்கு அந்தச் சாக்காவது இருந்தது. அண்ணாச்சியிடம் இருந்தது ஒன்பது.