முத்திரைக் கூலி யார் தருவது?

இணையத்திலிருந்து ஒரு நிரலை இறக்குகிறோம். வழியில் எவரும் அதைத் திருத்தவில்லை என்று எப்படி அறிவது? அதற்காகவே மின்கையொப்பம். நிரலில் ஓர் எழுத்து மாறினாலும் அது பொருந்தாது. கையொப்பமிட்டவர் இன்னார் என்று உறுதி கூறுவது சான்றிதழ், அதற்குத்தான் கட்டணம். ஆப்பிள் கணிப்பொறிகளுக்கென நிரலில் கையொப்பமிட, தனிநபர் ஆண்டுக்கு 99 டாலர் கட்டவேண்டும். ஊதியமின்றி எழுதி, மூலநிரலையும் எல்லோருக்கும் திறந்து வைப்பவர்கள் இதையும் கைப்பணத்தில் கட்டுவது முறையா?

ஆளைச் சரிபார்க்கச் செலவாகும் என்பது உண்மையே. ஆனால் சான்றிதழ் இருந்தாலே நிரல் நல்லது என்று பொருளல்ல. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சுநிரல், திருடிய சான்றிதழ்களின் கையொப்பத்தோடுதான் வந்தது.

இணையதளங்களுக்கு ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பு, நன்கொடையைக் கொண்டு 2015 முதல் இலவசமாகச் சான்றிதழ் வழங்குகிறது. திறந்த நிரல்களால் லாபம் காணும் நிறுவனங்கள் இச்செலவையும் அவ்வாறே ஏற்கட்டும். கையொப்பம் கட்டாயம் வேண்டும். அதன் விலை தொண்டு செய்பவர் தலையில் விழவேண்டாம்.