வீடு கட்டுமுன் விதியைக் கேளுங்கள்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்று நம் முன்னோர் சொன்னது செலவை மட்டும் எண்ணியன்று. இரண்டும் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாதவை. பிழையாக முடிந்தால் திருத்துவதும் அரிது. ஜெஞ்சாரோம் சுற்றுவட்டாரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்ட முனையும் பால்வெட்டுத் தோழர்களும் கிராணிமார்களும், அஸ்திவாரம் தோண்டுமுன் அறிய வேண்டிய சில செய்திகளை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தோட்டத்து லயத்தில் நாம் குடியிருந்தோமேயன்றி, அது நம்முடையதாக இருந்ததில்லை. வேலை போனால் கூரையும் போகும் என்ற அச்சத்திலேயே தலைமுறைகள் வாழ்ந்தன. ரப்பர் மரங்கள் வீழ்ந்து எண்ணெய்ப்பனை வந்தபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் அவை வீடமைப்பு நிலங்களாக மாறியபோதும் அந்த அச்சம் பலருக்கு உண்மையாயிற்று. ஆகவே சொந்த வீடு தொழிலாளிக்கு விடுதலை. முப்பது ஆண்டு வியர்வை ஊழியர் சேமநிதியில் சேர்கிறது. சில மாதங்களில் கல்லாகவும் சிமெண்டாகவும் கரைகிறது. அந்தச் சில மாதங்களில்தான், “பிளானெல்லாம் எதற்கு அண்ணே? எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லும் குத்தகையாளர் வந்து சேர்கிறார்.

அவர் பார்த்துக்கொள்ள மாட்டார். நோட்டீசு வீட்டுக்காரர் பெயருக்கே வரும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது. ஜெஞ்சாரோமுக்கு அந்த மன்றம் குவாலா லங்காட் நகராண்மைக் கழகம். முதலில் நில அலுவலகத்தில் பட்டாவைக் காட்டி, அந்த நிலம் எந்தப் பயனுக்கு உரியது என்று கேளுங்கள். பிறகு கட்டடக் கலைஞரிடமோ பதிவு பெற்ற வரைவாளரிடமோ பிளான் போடுங்கள். பின்புறம் சமையலறையை இழுத்துக் கட்டுவதானாலும் அனுமதி வேண்டும்.

அளவுகளை வகுப்பவை, 1984இல் பொதுவாக வரையப்பட்டு, 1986இல் சிலாங்கூர் ஏற்றுக்கொண்ட ஒருசீர்க் கட்டடத் துணைச்சட்டங்கள். முதல் அறை 11 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது ஏறக்குறைய 118 சதுர அடி. இரண்டாம் அறை 9.3 சதுர மீட்டர், அதாவது 100 சதுர அடி. மற்ற அறைகள் 6.5, சமையலறை 4.5. கூடமும் படுக்கையறையும் 2.5 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். எட்டடிக்குச் சற்று மேல். சன்னலின் பரப்பு தரையின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. காற்று தடையின்றி நுழையும் திறப்பு இருபதில் ஒரு பங்கு.

கணக்கு எளிதே. பத்தடிக்குப் பத்தடி அறையின் தரை 100 சதுர அடி. ஆகவே சன்னல் 10 சதுர அடி, திறக்கும் பகுதி 5 சதுர அடி. குத்தகையாளர் இரண்டடிக்கு இரண்டடி சன்னல் ஒன்று வைத்துவிட்டுப் போனால், நம்மை ஏய்த்துவிட்டார் என்று பொருள். வெளிச்சமும் காற்றுமற்ற லய அறைகளில் இருமி வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பத்தில் ஒரு பங்கின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ!

நம் பக்கத்துக் கரையோர மண் மென்களிமண். சில இடங்களில் கரிமண். மேலே பார்த்தால் கெட்டி, பாரம் ஏறினால் அமிழும். பைலிங் எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதைப் பொறியியலாளர்தான் சொல்ல வேண்டும். வடிகாலும் அப்படியே. 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் மாண்டனர். மலைச்சரிவு நீருக்குச் சரியான வடிகாலின்மையும் வலுவற்ற தடுப்புச் சுவர்களும் அந்தத் துயரத்துக்கு வழிவகுத்தன. வசதி படைத்தோர் வாழ்ந்த மாடியையே கவனியாத தண்ணீர் வீழ்த்தியதென்றால், நம் சிறு வீடு எம்மாத்திரம்!

முன்பு, வீடு குடியிருக்கத் தக்கது என்ற சான்றிதழை ஊராட்சி மன்றம் தந்தது. 2007 முதல் அதற்குப் பதிலாக, பிளானைச் சமர்ப்பித்த நிபுணரே ‘சி.சி.சி.’ எனும் நிறைவுச் சான்றிதழில் கையெழுத்திடுகிறார். ஆகவே, கையெழுத்தை மட்டும் விற்றுவிட்டு, கட்டும் இடத்துப் பக்கமே வராதவரை நாடாதீர்கள். குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்தவரா என்று பாருங்கள். வீடமைப்பு நிறுவனத்திடம் வாங்குவோருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, சொந்த நிலத்தில் தாமே கட்டுவோருக்கு இல்லை. அவருக்கு ஒப்பந்தப் பத்திரமே கவசம். வேலைக்குத் தக்கவாறு தவணையாகப் பணம் கொடுங்கள். கடைசித் தவணையைச் சி.சி.சி. கைக்கு வந்தபின் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.

“விதியெல்லாம் பணக்காரனுக்கு, ஏழைக்கு வீண் செலவு” என்பாரும் நம்மிடையே உண்டு. செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விதியைப் புறக்கணித்தால் யார் துன்புறுவர் என்பதை ஜெஞ்சாரோம் கண்கூடாகக் கண்டது. 2018இல் சீனா கழிவு பிளாஸ்டிக்கை வாங்க மறுத்தபின், அனுமதியின்றி முளைத்த ஆலைகள் இங்கே அதைக் குவித்தன, எரித்தன. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் இவ்வூர்ச் சாதாரண மக்களே. மக்கள் முறையிட்ட பிறகே பல ஆலைகள் மூடப்பட்டன. விதி எளியவனின் வேலி. அதைப் பிடுங்கி எறிந்தால் மேய்வது வலியவனே.

ஆகவே நகராண்மைக் கழகத்தை நாம் கேட்பது இதுதான்: சிறு வீடுகளுக்கு மாதிரிப் பிளான்களைக் குறைந்த கட்டணத்தில் தருக; விண்ணப்ப முறையைத் தமிழிலும் விளக்குக. சட்டத்துக்கு உட்பட்டு நடக்க விரும்பும் ஏழைக்கு வழி திறந்திருக்க வேண்டுமல்லவா?

இன்னொன்றும் சொல்வோம். தொழிலாளர் குடியிருப்புக்கும் சட்டம் உண்டு. 1966இல் ஒன்று, அதன் இடத்தில் 1990இல் மற்றொன்று. திருத்தப்பட்ட அச்சட்டப்படி, 2020 முதல், முதலாளி தரும் தங்குமிடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும். சொந்த வீட்டுக்கு அளவுநாடா பிடிக்கக் கற்ற தொழிலாளி, நிர்வாகம் தந்த குடியிருப்பிலும் அதை நீட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும்! அளவு குறைந்தால் கிளைக்கு வந்து சொல்லட்டும். அறிந்து கேட்பவரை ஏய்ப்பது எளிதன்று.